பல் வைத்தியரின் கதிரையும் ஆண்மைப் பேச்சும்

உடப்புத் திரௌபதை அம்மன் திருவிழாவில் விரதமிருந்து தணல்மேல் நடப்பவர்கள் இருக்கிறார்கள். கற்பிட்டிக் கடலில் இரவு முழுக்க வலையோடு கிடப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிலும் பலர் பல்வலி என்றால் கராம்பைக் கடித்துக்கொண்டு, பனடோலை விழுங்கிக்கொண்டு, கன்னம் வீங்கும்வரை கிளினிக் பக்கம் போகமாட்டார்கள். அப்போது வீட்டிலும் சந்தியிலும் எழும் பேச்சு ஒன்றுதான்: "இவ்வளவு பெரிய ஆம்பிளை, ஊசிக்குப் பயமா?"

வளர்ந்தவருக்கு வரும் பல் வைத்தியப் பயம் கோழைத்தனம், அதட்டினால் போய்விடும் என்ற இந்த நம்பிக்கை புத்தளம் கரையெங்கும் பரவியிருக்கிறது. இது தவறு, ஆளைக் கெடுக்கிற தவறு.

தணலில் இறங்குகிறவர் எப்போது காலை வைப்பது, எவ்வளவு வேகமாக நடப்பது என்பதைத் தானே தீர்மானிக்கிறார். தூரம் கண்ணுக்குத் தெரிகிறது. ஊரே கூட நிற்கிறது. கதிரையில் சாய்ந்தவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வாய் திறந்திருப்பதால் பேச முடியாது. அடுத்து வாய்க்குள் என்ன வரும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரியாது. நோகும்போது நிறுத்தச் சொல்ல வழியில்லை. தன் உடம்பின் பிடி முழுவதும் இன்னொருவர் கையில் இருக்கும்போது எவருக்கும் நெஞ்சு படபடக்கும்.

அதட்டல் அந்தப் பயத்தோடு வெட்கத்தையும் சேர்த்துவிடுகிறது. சுவீடன் ஆய்வாளர் உல்ஃப் பெர்க்ரென் 1980களிலேயே இந்தச் சுழலை விளக்கினார்: பயந்தவர் தள்ளிப்போடுகிறார், பல் கெடுகிறது, கெட்ட வாயைக் காட்ட வெட்கப்படுகிறார், அதனால் இன்னும் தள்ளிப்போடுகிறார். இதில் உடம்பும் சதி செய்கிறது. சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் விறைப்பு ஊசி மருந்து சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே கடைசி நேரத்தில் வருகிறவருக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே நோகக்கூடும். "நான் சொன்னேனே" என்று அவர் வீடு திரும்புவார். அவர் சொன்னது பொய்யில்லை.

மேல்வாய்ப் பல்லைக் கழற்றினால் கண் பார்வை போகும் என்ற கதை வேறு இருக்கிறது. பார்வை நரம்பு ஒன்று, பல்லுக்குப் போகும் நரம்பு வேறொன்று. பல்லைக் கழற்றுவதால் பார்வை போகாது. மேல்வாய்ப் பல்லில் சீழை வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினால்தான் தொற்று கண்குழிவரை ஏற அபூர்வமாகவேனும் இடமுண்டு. கண்ணுக்காகப் பல்லைக் காப்பாற்றுகிறவர் கண்ணையே பணயம் வைக்கிறார்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வெற்றிலையை நினைக்கும்போதுதான். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை அதற்கு முக்கிய காரணங்கள். கன்னத்தின் உட்புறத்து வெள்ளைத் திட்டை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கக் கூடியவர் பல் வைத்தியர். அவரிடம் போகப் பயந்தவரைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பும் அந்தத் திட்டு வளர நேரம் கொடுக்கிறது.

மருந்து கொடுத்து மயக்கினால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. சிலருக்கு அது தேவைதான். ஆனால் மயக்கத்தில் நடந்த வைத்தியம் பயத்துக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, அடுத்த முறையும் அதே பயம் வாசலில் நிற்கும். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கடுமையான பல் பயம் உள்ளவர்களுக்குப் பேச்சும் பயிற்சியும் கொண்ட உளச்சிகிச்சை அளித்தார்கள். அதன் பிறகு 79 சதவீதமானோர் மயக்க மருந்தே இல்லாமல் வைத்தியம் செய்துகொண்டதாக 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதட்டலால் அப்படி ஒரு பலன் கிடைத்ததாக நான் எங்கும் வாசித்ததில்லை.

நம் கிளினிக்குகளில் உளவியலாளர் இல்லை, வரிசை நீளம், நேரமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் "நானா, கையைத் தூக்கினா உடனே நிப்பாட்டுவேன்" என்று சொல்ல எத்தனை விநாடி வேண்டும்? சொன்னபடி ஒருமுறை நிறுத்திக் காட்டினால் போதும், பிடி நோயாளியின் கைக்குத் திரும்புகிறது. கருவியை முதலில் காட்டி, என்ன செய்யும் என்று சொல்லி, பிறகு செய்வது இன்னொன்று. பிள்ளைகளுக்கென்று வந்த முறை இது, பெரியவர்களுக்கும் பொருந்துகிறது. விறைத்த பிறகும் அழுத்தம் தெரியும், நோவு தெரியாது என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பல் அசையும் அழுத்தத்தையே நோவென்று எடுத்துக்கொண்டு திமிறுவார்கள். திமிறுகிறவருக்குச் செலவாகும் நேரம் இந்த நாலு வார்த்தைக்குச் செலவாவதைவிட அதிகம். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக விடச் சொல்லலாம். திக்ரோ, செபமோ, அம்மன் பெயரோ, வாய் திறந்திருந்தாலும் மனதுக்குள் ஓதலாம். ஊசியைக் கண்டால் தலைசுற்றி விழுகிறவர்களுக்கு மட்டும் உடம்பைத் தளர்த்தச் சொல்லக்கூடாது. கை கால் தசைகளை இறுக்கச் சொன்னால்தான் இரத்த அழுத்தம் விழாமல் நிற்கும்.

இவையெல்லாம் பேச்சால் ஆகிற வேலை. அதனால் மொழியை மறக்க முடியாது. கற்பிட்டியிலிருந்து வரும் தமிழ் பேசுகிற பெண்ணுக்குச் சிங்களம் மட்டுமே தெரிந்த வைத்தியர் கிடைத்தால், "ஊசி, கொஞ்சம் பொறுங்க, முடிஞ்சுது, கையைத் தூக்குங்க" என்ற சில சொற்களையாவது அவர் பழகிக்கொள்ள வேண்டும். பயத்தை அளக்கும் ஐந்து கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. 5 முதல் 25 வரை புள்ளி, 19ஓ அதற்கு மேலோ வந்தால் கடும் பயம். அதன் தமிழ் வடிவத்தைச் சோதித்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள். நோயாளி நிரப்பிய படிவத்தை வைத்தியர் கையில் கொடுத்தபோது, அதனாலேயே நோயாளியின் பதற்றம் குறைந்ததை 2002இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. புத்தளம், சிலாபம், கற்பிட்டி வைத்தியசாலைகளின் பல் கிளினிக்குகளில் இலக்கத் துண்டு கொடுக்கிற மேசையிலேயே அந்தத் தாளையும் ஒரு பேனையையும் வைக்கலாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்குத் தாதி வாசித்துக் காட்டலாம், பின்னால் நிற்பவர் கேட்காத குரலில்.