கையில் பட்டை... கண்காணிக்க ஆள் எங்கே?

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? உயிருக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். "தினமும் எக்சர்சைஸ் பண்ணுங்க, விட்டுடாதீங்க" என்று ஒரு தாளும் கொடுப்பார்கள். அதில் கை தூக்கும் படம், கால் மடக்கும் படம்.

அந்தத் தாள் என்ன ஆகிறது? நாலு நாள் தலையணைக்கு அடியில் இருக்கும். அப்புறம் காலண்டருக்குப் பின்னால் போய்விடும்!

நோயாளி மேல் குற்றம் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொல்கிறார்கள். மாடியிலிருந்து ஆளை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஆட்டோ வேண்டும். குமாஸ்தா மகன் லீவு போட வேண்டும். கடைக்காரர் வீடு என்றால் அன்றைக்கு ஷட்டர் இறங்கிவிடும். எத்தனை வாரம் தாங்கும்? பாதியிலேயே நின்று விடுகிறது. ஆனால் கைகால் திரும்ப வருவதற்கு முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம் என்கிறார்கள் டாக்டர்கள்.

பாசம் மட்டும் போதுமா?

"வீட்டு மனுஷங்களுக்கே சொல்லிக் கொடுத்துட்டா என்ன?" என்று கேட்கலாம். நம் நாட்டிலேயே அதைச் சோதித்துப் பார்த்தாயிற்று. 14 ஆஸ்பத்திரிகள், பக்கவாதம் வந்த 1,250 பேர். பாதிப் பேருக்கு, அவரவர் வீட்டு ஆள் ஒருவரைத் தயார் செய்து பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள். மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. 2017-ல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் 100-க்கு 47 பேர் இறந்திருந்தார்கள், அல்லது அடுத்தவர் துணையில் இருந்தார்கள். வித்தியாசமே இல்லை!

அமெரிக்காவில் பார்த்த வழி

அமெரிக்காவில் 11 இடங்களில் 124 பேரிடம் வேறு வழி பார்த்தார்கள். எல்லாரும் பக்கவாதத்தால் கை பலவீனமானவர்கள். பாதிப் பேர் சிகிச்சை நிலையத்துக்குப் போய் வந்தார்கள். மீதிப் பேர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் விளையாட்டுப் போலப் பயிற்சி செய்தார்கள். மொத்தம் 36 தடவை. ஒவ்வொன்றும் 70 நிமிடம். அதில் பாதி தடவை, சிகிச்சை நிபுணர் வீடியோவில் கூடவே இருந்து பார்த்தார். 2019-ல் வந்த முடிவு என்ன? வீட்டில் செய்தவர் கையும், போய் வந்தவர் கையும் ஒரே அளவுக்குத் தேறின.

இரண்டு ஆய்வையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. நோயாளிகளும் வேறு, அளந்த விஷயமும் வேறு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அமெரிக்க வீட்டில் மெஷின் மட்டும் இல்லை. மறுமுனையில் ஒரு மனுஷன் இருந்தார்!

பட்டைக்கு வலி தெரியாது

இன்றைக்கு மணிக்கட்டிலும் தொடையிலும் கட்டிக் கொள்ளும் பட்டைகள் வந்திருக்கின்றன. உள்ளே சின்ன சென்சார். கை எவ்வளவு உயர்ந்தது, முட்டி எத்தனை டிகிரி மடங்கியது, எத்தனை தடவை என்று கணக்கெடுத்து செல்போன் வழியாக அனுப்பிவிடும். பட்டையே இல்லாமல் கேமராவால் அளப்பதும் உண்டு. பிசியோதெரபிஸ்ட் இருந்த இடத்திலிருந்தே பார்த்து, "இன்னைக்கு பத்து போதும், நாளைக்கு இன்னும் கொஞ்சம் மடக்குங்க" என்று மாற்றிச் சொல்லலாம்.

நல்ல விஷயம்தான். ஆனால் பட்டைக்கு வலி தெரியாது. வாதம் வந்த கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் தோள்பட்டை கெட்டுவிடும். நிற்கும்போது தடுமாறினால் தாங்கிப் பிடிக்கப் பட்டைக்குக் கை கிடையாது!

அதனால் காசு கொடுத்து வாங்கும் முன் நாலு கேள்வி கேளுங்கள். மறுமுனையில் பார்ப்பது யார்? முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்டா? வாரத்துக்கு எத்தனை தடவை பார்ப்பார்? வலி வந்தால் யாருக்குப் போன் செய்வது? பதில் இல்லையா... நடையைக் கட்டுங்கள்.

அரசு என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டு போனது. அருமையான வழி. ஆனால் ஒருவர் வந்து போனால், அடுத்த தடவை வரும்வரை நடுவில் எத்தனை நாள்! அந்த நாட்களில் பார்ப்பது யார்?

இங்கேதான் பட்டை உதவும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்து, லைப்ரரி புத்தகம் மாதிரி இரவல் கொடுக்கட்டும். தேறியவர் திருப்பிக் கொடுத்ததும் அடுத்தவருக்குப் போகட்டும். பல வீடுகளில் ஒரே செல்போன்தான். மகன் வேலைக்கு எடுத்துப் போய்விடுவான். அவர்களுக்கு மாலையில் ஒரு சாதாரண போன் கால் போட்டுக் கேட்கட்டும். முக்கியமாக, இப்படிப் பார்க்கிற நேரத்தையும் பிசியோதெரபிஸ்டின் டியூட்டியாகக் கணக்கில் எழுத வேண்டும். ஆள் போதாவிட்டால் கூட ஆள் போட வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் வந்து குவியும். பார்க்கத்தான் நாதி இருக்காது.

தராசு பிடித்த கையும் பேனா பிடித்த கையும் மறுபடி அதைப் பிடிக்க வேண்டாமா? மெஷின் வாங்க டெண்டர் விடுவது சுலபம். ஆள் போடுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தை முதலில் செய்யட்டும்!