பறக்கும் யந்திரமும் பழகிய கையும்

மருந்து தெளிக்கும் டிரோன் வாங்க மிராசுதார்கள் பலர் ஆவல் கொண்டுள்ளனர். யந்திரம் வாங்குமுன் கை பழகவேண்டுமென்பது எமது அபிப்பிராயம்.

பழகுவதற்கு 250 கிராமுக்கு மேற்படாத சிறு டிரோனே ஏற்றது. 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி இதற்கு ஓட்டுநர் சான்றிதழ் வேண்டுவதில்லை. தெளிக்கும் பெரிய யந்திரத்திற்கோ அவசியம் வேண்டும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களில் குடியிருந்துகொண்டு கிராமத்தில் நிலம் வைத்திருப்போர், வீட்டு மாடியிலேயே பழக எண்ணுதல் தகாது. அங்கே ஜனநெருக்கமும் மின்கம்பிகளும் அதிகம். மீனம்பாக்கம் விமான நிலையமும் சமீபம்.

எதிர்மூலை விசிறிகள் இரண்டும் ஒரே திசையிலும், மற்றிரண்டும் மாறான திசையிலும் சுழல்வன. இலைகளை மாற்றிப் பூட்டினால் கிளம்பும்போதே கவிழும். உப்பிய பாட்டரியை விலக்குக. முதலில் ஆள் உயரத்தில் அசையாது நிறுத்தப் பழகுக. பார்வைக்கு அப்பால் செலுத்தற்க.

காற்றின் போக்கறியாதவன் கையில் பெரிய யந்திரம் அயலானுக்குக் கேடு. நெல்வயற் களைக்குத் தெளிக்கும் 2,4-டி காற்றில் மிதந்து பக்கத்துப் பருத்தியிற் பட்டால், பருத்தியிலை சுருண்டு விளைவு கெடும். வரப்புச் சண்டையும் மூளும்.

ஆகவே, அறுவடையான வயலொன்றைப் பழகுமிடமாக ஒதுக்கித்தரக் கிராம உத்தியோகஸ்தர்களும், சான்றிதழில்லாதவனைத் தெளிக்க அழையாதிருக்க மிராசுதார்களும் முன்வருவார்களாக.