முயலுக்குப் பதிலா ஒரு தட்டு

"நாய்க்கு ஃபிரிஸ்பீயா? அதெல்லாம் அமெரிக்காக்காரன் பொழுதுபோக்கு மச்சி!" காலையில செல்லியையும் கறுப்பனையும் கூட்டிக்கிட்டு டிஸ்க் விளையாடப் போறேன்னு சொன்னா, கிளாஸ்ல பாதிப் பேர் இப்படித்தான் சிரிக்கிறாங்க. மீதிப் பாதிக்கு ஃபிரிஸ்பீன்னா பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்து ஆடுற அல்டிமேட் மட்டும்தான் தெரியும்.

என் கட்சி வேற. இந்த ஆட்டம் நம்ம ஊர் நாய்க்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. அதுவும் சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நாயை வாங்கி வீட்டுல கட்டிப் போட்டிருக்கிறவங்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, அந்த நாய்க்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 1974 ஆகஸ்ட் 5. லாஸ் ஏஞ்சல்ஸ்ல டாட்ஜர் ஸ்டேடியம். டாட்ஜர்ஸுக்கும் சின்சினாட்டி ரெட்ஸுக்கும் பேஸ்பால் மேட்ச், நாடு முழுக்க டிவியில ஓடுது. அலெக்ஸ் ஸ்டைன்னு ஒரு காலேஜ் பையன், 19 வயசு, தன்னோட நாயைக் கூட்டிக்கிட்டு வேலி தாண்டி மைதானத்துக்குள்ள குதிச்சுட்டான். கையில ஒரு தட்டு. அவன் வீச வீச, அந்த நாய் ஓடி, எகிறி, காத்துல இருக்கும்போதே கவ்வுது. மேட்ச் நின்னு போச்சு. வந்த கூட்டம் பேஸ்பாலை மறந்துட்டு நாயைப் பார்த்துக் கை தட்டுது. கடைசியில போலீஸ் வந்து பையனைப் பிடிச்சுக்கிட்டுப் போனது தனிக்கதை.

அந்த நாயோட பேரு ஆஷ்லி விப்பெட். அடுத்த வருஷமே நாய்களுக்கான டிஸ்க் போட்டி ஆரம்பிச்சு, 1975, 76, 77 மூணு வருஷமும் ஆஷ்லிதான் சாம்பியன். அதைப் பத்தி எடுத்த 'ஃப்ளோட்டிங் ஃப்ரீ' குறும்படம் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு. இன்னைக்கு இது பல நாடுகள்ல ஆடுற முறையான விளையாட்டு. ஒரு வகையில நேரக் கணக்கு: பெரும்பாலும் 60 விநாடி, ஒரே டிஸ்க். எவ்வளவு தூரத்துல பிடிக்குதோ அதுக்குத் தக்க புள்ளி. நாலு காலும் தரையை விட்டு எழும்பியிருக்கும்போது பிடிச்சா கொஞ்சம் கூடுதல். இன்னொண்ணு ஃப்ரீஸ்டைல்: பல டிஸ்க், பாட்டு, பல்டி.

நான் சொல்ல வந்த விஷயம் ஆஷ்லியோட பேர்லயே இருக்கு. விப்பெட்ங்கிறது ஒரு நாய் இனம். வேட்டை நாய்ல மோப்பம் பிடிச்சுப் போறது ஒரு வகை, கண்ணால பார்த்துத் துரத்துறது இன்னொரு வகை. விப்பெட் ரெண்டாவது வகை. நீள மூஞ்சி, ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு, நீளக் கால். முயல் மாதிரி சின்னதா, வேகமா, திசை மாத்தி ஓடுற எதையும் பார்த்தா அதுக்குக் கால் நிக்காது.

இந்த அங்க அடையாளத்தைப் படிச்சதும் உங்களுக்கு எந்த நாய் ஞாபகம் வருது? சிப்பிப்பாறையும் கன்னியும் அச்சு அசல் இதே ஜாதி. தென் மாவட்டக் கரிசல் காட்டுல முயல் துரத்துறதுக்குன்னே தலைமுறை தலைமுறையா வளர்த்த நாய்கள். பறக்கிற தட்டு அதுங்க கண்ணுக்கு என்னவா தெரியும்னு நான் விளக்க வேண்டியதில்லை.

இப்ப முயல் வேட்டைக்குச் சட்டப்படி தடை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கு. சரியான சட்டம்தான், எனக்கு அதுல மாத்துக் கருத்தே கிடையாது. ஆனா சட்டம் முயலைக் காப்பாத்திச்சே தவிர, நாயோட காலை மாத்தலை. ஓடுறதுக்குன்னு பிறந்த உடம்பு அப்படியேதான் இருக்கு. துரத்துறதுக்கு மட்டும் ஒண்ணும் இல்லை.

அதுக்குப் பதிலா நாம என்ன கொடுத்தோம்? நாலடிச் சங்கிலி.

2020 ஆகஸ்ட்ல பிரதமர் 'மன் கி பாத்'ல நாட்டு நாய்களைப் பத்திப் பேசினார். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நாலு பேரையும் சொன்னார். நம்ம பசங்களுக்குப் பெருமை தாங்கலை. நல்லதுதான். ஆனா எங்க அனகாபுத்தூர்ல, பம்மல்ல, பொழிச்சலூர்ல ஒரு நடை நடந்து பாருங்க. கேட்டுக்குப் பின்னால, மொட்டை மாடியில, மாடிப்படிக்கு அடியில அந்தப் பெருமையெல்லாம் கட்டிக் கிடக்கு. நாள் பூரா கத்தும், செருப்பைக் கிழிக்கும், போற வர்றவங்களைப் பார்த்துப் பாயும். 'கடிக்கிற நாய்'னு பேர் வந்துடும். அப்புறம் ஒருநாள் ராத்திரி யாருக்கும் தெரியாம எங்கயாவது கொண்டு போய் விட்டுட்டு வந்துடுவாங்க. நாய் மேல தப்பு ஒண்ணும் இல்லை. அதுக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

"நாங்க தினமும் வாக்கிங் கூட்டிட்டுப் போறோமே"ன்னு கேப்பீங்க. சந்தோஷம், விடாதீங்க. ஆனா நாம நடக்கிற வேகம் அந்த நாய்க்கு நடையே இல்லை. அவிழ்த்து விடலாம்னா ரோட்டுல பூனை ஒண்ணு ஓடினா போதும், நாய் போயிடும். டிஸ்க்தான் நடுவழி: சின்ன இடத்துல, முழு வேகத்துல, உங்க கண் முன்னாடி பத்து நிமிஷம். செல்லி (எங்க வீட்டுச் சிப்பிப்பாறை) காலையில இது ஆடிட்டு வந்தான்னா மத்தியானம் வரைக்கும் வாசல் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டா.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது?

முதல்ல, வீசாதீங்க :-) தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதுலயே ரெண்டு நாள் சோறு வைங்க. தட்டுன்னா நல்லது வரும்னு நாய்க்குப் பதியணும். அப்புறம் சக்கரம் மாதிரி தரையில உருட்டி விடுங்க. ஓடுற முயலுக்கும் உருளுற தட்டுக்கும் நாய்க்கு அவ்வளவா வித்தியாசம் தெரியாது. இது நல்லாப் பழகின பிறகுதான் தாழ்வா, மெதுவா வீசறது. எகிறிக் குதிக்கிறதெல்லாம் நாய் முழுசா வளர்ந்த அப்புறம்தான். ஒண்ணு, ஒன்றரை வயசு வரைக்கும் எலும்பு வளர்ந்துக்கிட்டே இருக்கும், அதுல அடிபட்டா காலம் பூரா நொண்டும்.

அடுத்த சிக்கல்: ஓடும், பிடிக்கும், திரும்பக் கொண்டு வராது. லாப்ரடார் மாதிரி இல்லை, நம்ம நாய்க்குத் துரத்துறதுதான் வேலை, டெலிவரி அதோட டிபார்ட்மென்ட் இல்லை. அதுக்கு ரெண்டு தட்டு வெச்சுக்கங்க. முதல் தட்டோட அது நிக்கும்போது ரெண்டாவதைக் காட்டுங்க. தானா ஓடி வரும். வாயில இருக்கிறதைக் கீழ போட்டாத்தான் அடுத்தது பறக்கும். ரெண்டு வாரத்துல 'விடு'ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் புரிஞ்சுடும். ஆரம்பத்துல கழுத்துல கட்டாம, நெஞ்சுப் பட்டையில நீளக் கயிறு மாட்டி விடுங்க.

வெயில் முக்கியம். நம்மள மாதிரி உடம்பு பூரா நாய்க்கு வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிச்சுக்கும். அதனால ஏழு மணிக்குள்ள முடிச்சுடுங்க. சாப்பிட்ட உடனே ஓட விடாதீங்க, ஆழமான நெஞ்சு உள்ள நாய்க்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். அது போதும்னு நிறுத்துறதுக்கு முன்னாடி நீங்க நிறுத்துங்க, ஏன்னா அது நிறுத்தாது.

செலவு? காமர்ஸ்காரன் பாஷையில சொல்றேன். முதலீடு: ரெண்டு டிஸ்க், ஒரு கயிறு, ஒரு தண்ணி பாட்டில். தேய்மானம்தான் ஜாஸ்தி. கறுப்பனோட பல்லு நேர்க்கோட்டு முறையை மதிக்கிறதே இல்லை. மனுஷங்க ஆடுற அல்டிமேட் டிஸ்க் 175 கிராம், கெட்டி பிளாஸ்டிக். அது வேண்டாம், பல்லு போயிடும். நாய்க்குன்னு லேசா, வளையற மாதிரி விக்கிறது. விளிம்பு கிழிஞ்சு கூரா நின்னா தூக்கிப் போட்டுடுங்க. துணி டிஸ்க்கும் உண்டு. எங்க ஊரோ நெசவு ஊர், இங்க நெய்த கட்டம் போட்ட துணி ஒரு காலத்துல நைஜீரியா வரைக்கும் போயிருக்கு. தடித்த துணியை ரெண்டு மடிப்பா வட்டமா வெட்டி, விளிம்புல கயிறு வெச்சுத் தைச்சா ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

"தெரு நாய்க்கெல்லாம் இது வருமா?" கறுப்பன் தெருவில பிறந்தவன்தான். செல்லி அளவுக்கு வேகம் இல்லை, ஆனா புத்தி ஜாஸ்தி, தட்டு எங்க இறங்கும்னு கணக்குப் போட்டு முன்னாடியே போய் நிப்பான். அமெரிக்காவுல வாலஸ்னு ஒரு பிட் புல். காப்பகத்துல யாருக்கும் வேண்டாம்னு கிடந்தது, 2006-ல டிஸ்க் உலகப் போட்டியில ஜெயிச்சது. வெள்ளை ராஜபாளையத்துல பிறவியிலயே காது கேட்காத குட்டி பிறக்கிறது உண்டு. அதுக்கும் இது தோதான ஆட்டம், எல்லாமே கண்ணாலதானே. ஆனா கூப்பிட்டாக் கேட்காதுங்கிறதால கயிறும் வேலியும் கட்டாயம்.

"துரத்தப் பழக்கினா பைக்கையும் குழந்தையையும் துரத்தாதா?" நியாயமான கேள்வி. துரத்துறதை நாம பழக்கலை, அது ஏற்கெனவே அதோட ரத்தத்துல இருக்கு. நாம பழக்குறது எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிக்கணும்னு. சொன்னாத்தான் ஓடணும், சொன்னா விடணும். இந்த ரெண்டும் தெரிஞ்ச நாய், சங்கிலியில வெறி ஏறின நாயை விட நிச்சயம் நல்ல நாய். ஆனா தெருவில ஆடாதீங்க. அது எவ்வளவு நல்ல நாயா இருந்தாலும் சரி.

அப்ப எங்க ஆடறது? இதுதான் பெரிய கேள்வி. 2025 மே மாசம் அடையாறு ஓரத்துல வீடுகளை இடிச்ச ஊர் எங்களோடது. மனுஷனுக்கே இடம் இல்லாத ஊர்ல நாய்க்கு மைதானமான்னு யாராவது கேட்டா என்னால கோவப்பட முடியாது. நான் புது இடம் கேக்கலை. 2021-ல அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் எல்லாத்தையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினாங்க. மண்டலத்துக்கு ஒரு மைதானம், வேலி போட்டது, விடிகாலையில ஒரே ஒரு மணி நேரம். கிரிக்கெட் பசங்க வர்றதுக்குள்ள நாங்க கிளம்பிடுவோம்.

சும்மாக் கேக்கக் கூடாது, பதிலுக்கு நாமும் கொடுக்கணும். ரேபிஸ் தடுப்பூசி போட்ட சீட்டு இல்லாத நாய்க்கு அனுமதி இல்லை. நாய் போனதை வளர்க்கிறவன்தான் அள்ளணும். 2025 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் டெல்லித் தெரு நாய்களைப் பத்தி உத்தரவு போட்டு, அப்புறம் அதை மாத்தினதுல இருந்து, நாய்ன்னாலே ஊர் ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போடுது. பயப்படுறவங்களைக் கிண்டல் பண்ணி ஒண்ணும் ஆகப் போறதில்லை. கூப்பிட்டா வர்ற, 'விடு'ன்னா விடுற நாயை அவங்க கண்ணால பார்க்கட்டும். நூறு வாக்குவாதத்தை விட அது மேல்.

நான் போட்டி நடத்தச் சொல்லலை, செல்லி சாம்பியன் ஆவாள்னும் சொல்லலை. இப்பல்லாம் இந்தப் போட்டிகள்ல அதிகம் ஜெயிக்கிறது எஜமான் முகத்தைப் பார்த்தே வேலை செய்யற பார்டர் கோலி மாதிரி நாய்கள். நம்மாளு பாதி நேரம் நம்மளைக் கண்டுக்கவே மாட்டார். பரவாயில்லை. நாட்டு நாயைக் காப்பாத்தணும்னு ஸ்டேட்டஸ் போடறவங்க, அதுல பாதி நேரத்தைச் செலவு பண்ணி ஒரு தட்டை உருட்டி விட்டாப் போதும். இனத்தைக் காப்பாத்துறதுன்னா அதோட குணத்தையும் ஓட்டத்தையும் சேர்த்துக் காப்பாத்துறதுதானே?

பி.கு.: நாய்க்கு வயசாகியிருந்தா, நொண்டினா, ரொம்ப குண்டா இருந்தா, முதல்ல கால்நடை டாக்டர்கிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க. தட்டு எங்கயும் ஓடிடாது.