ஒயர் அறுவது ஈயத்தின் ஓரத்தில்

“ஈயம் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அசையாது. கிரிம்பிங் எல்லாம் கம்பெனிக்காரன் கூலியை மிச்சம் பிடிக்கிற வேலை.” காஞ்சிபுரத்திலிருந்து கூரம் வரை வண்டி ஒயரிங் பார்க்கிறவர்கள் இதைத்தான் பாடமாகச் சொல்கிறார்கள். ஒயர் முனையில் ‘லக்’ என்ற உலோக முனையை மாட்டி நசுக்குவதுதான் கிரிம்பிங். இந்தப் பாடத்தை வருடக்கணக்காகக் கேட்டும் எனக்கு எரிச்சல் தீரவில்லை.

அசையாது என்பது சரி. கெடுதலே அதுதான். ஒயருக்குள் இருப்பவை மெல்லிய செம்பு இழைகள். வளைந்து கொடுக்கத்தான் அப்படி முறுக்கியிருக்கிறார்கள். உருகிய ஈயம் பற்று வைத்த இடத்தோடு நிற்காது. இழைகளுக்கு நடுவே ஊறி இன்சுலேஷனுக்குள்ளும் ஏறும். ஏறிய தூரம்வரை ஒயர் ஒற்றைக் கம்பியாக விறைத்துவிடும், அதற்கப்பால் இளக்கம். வண்டி அதிரும்போது வளைவெல்லாம் அந்த எல்லையில்தான் விழுகிறது. டிராக்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடினால் நொடிக்கு 25 சுற்று. உழவு நாளில் மணிக்கணக்காக இந்த அதிர்வு. இழைகள் ஒவ்வொன்றாக அறும். மேலே இன்சுலேஷன் முழுசாக இருப்பதால் வெளியே தெரியாது. விளக்கு விட்டு விட்டு எரியும். பல்பை மாற்றுவார்கள், ஃபியூஸை மாற்றுவார்கள், ஸ்விட்சையும் மாற்றுவார்கள். பற்று மட்டும் பளபளவென்று இருக்கும். “பார், என் ஈயம் விடவில்லை” என்று அதையே சாட்சிக்கு வேறு காட்டுகிறார்கள்! பக்கத்தில் ஒயர் அறுந்து கிடக்கிறது.

ஈயப்பற்றில் கரண்ட் நன்றாகப் போகுமாம். வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்த அந்தக் கலவைக்குச் செம்பின் கடத்துதிறனில் எட்டில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஸ்டார்ட்டர் ஒயரில் 100 ஆம்பியர் ஓடும்போது, இணைப்பில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 100 வாட் சூடு. 63-37 கலவை 183 டிகிரியில் உருகிவிடும். நசுக்கிய லக்கில் உருகி ஓட எதுவும் இல்லை.

டிவிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையில் ஈயம்தானே என்பார்கள். அந்தப் பலகை பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது, உழப் போவதில்லை.

கூலி மிச்சமா? இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் வருகிறது. ஒயர் முனைகள் கிரிம்ப்தான். வாரண்டி கொடுக்கிறவன் விட்டுப்போகிற இணைப்பைப் போடுவானா? அமெரிக்கப் படகுத் தரவிதியும், ஈயப்பற்று மட்டுமே ஒயருக்குப் பிடிமானமாக இருக்கக் கூடாது என்கிறது.

“கிரிம்ப் உருவிக்கொண்டு வருகிறதே?” கட்டிங் பிளேயரால் நசுக்கினால் வரத்தான் செய்யும். ஒயர் கனத்துக்கு ஏற்ற லக் வேண்டும். முழு அழுத்தம் விழும்வரை பிடியை விடாத ராட்செட் டூல் வேண்டும். நசுக்கியதும் இழுத்துப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் வெட்டியெறிந்து வேறு லக் போடுங்கள்.