மனிதன் என்ன, சந்தை மாடா?

சந்தையில் மாடு விற்கிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள். சுழி பார்க்கிறார்கள். துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுகிறார்கள்.

"உனக்குச் சம்மதமா?" என்று மாட்டை மட்டும் யாரும் கேட்பது இல்லை!

மனிதனை அப்படி விலை பேசினால்?

பிரான்சு நாட்டில் ஒரு காலத்தில் கால்பந்து ஆட்டக்காரர்களின் நிலை ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அதை ஒருவர் பகிரங்கமாகச் சொன்னார். "ஆட்டக்காரர்கள் அடிமைகள்" என்றார்.

சொன்னவர் யாரோ தோற்றுப்போன ஆட்டக்காரர் அல்ல. ஐரோப்பாவிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று "தங்கப் பந்து" பரிசு வாங்கியவர். அவர் பெயர் ரேமண்ட் கோப்பா.

பேரும் புகழும் பெற்ற ஒருவர் தம்மை அடிமை என்று சொல்லலாமா? சொன்னது நியாயமா? அவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

சுரங்கச் சிறுவன்

வடக்குப் பிரான்சில் நூ-லெ-மின் என்று ஓர் ஊர். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. அங்கே 1931-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி கோப்பா பிறந்தார்.

அவருடைய குடும்பம் போலந்து நாட்டில் இருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம். உண்மையான பெயர் கோப்பாசெவ்ஸ்கி. அது வாயில் நுழையவில்லை என்று மற்றவர்கள் சுருக்கிக் கூப்பிட்டார்கள். கோப்பா என்ற பெயரே நிலைத்துவிட்டது.

14 வயதில் அவரும் சுரங்கத்தில் இறங்கினார். பூமிக்கு அடியில் இருட்டு. கரித் தூசி. கனமான வண்டிகளைத் தள்ளும் வேலை. அங்கே நடந்த ஒரு விபத்தில் இடது கை நசுங்கி, விரலை இழந்தார்.

கை போனாலும் கால் இருந்தது! வேலை முடிந்து மேலே வந்ததும் பந்தைத் தேடி ஓடுவார்.

1949-ல் இளம் ஆட்டக்காரர்களுக்கு ஒரு போட்டி நடந்தது. அதில் கோப்பா இரண்டாவதாக வந்தார். ஆஞ்சே நகர் அணி அவரைச் சேர்த்துக் கொண்டது. சுரங்கத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். 1951-ல் புகழ்பெற்ற ரெய்ம்ஸ் அணிக்குப் போனார்.

ஆட்டத்தின் மூளை

கோப்பா உயரம் குறைந்தவர். ஆனால் பந்து காலில் பட்டுவிட்டால் அவரை மடக்குவது கஷ்டம். நடுக்களத்தில் இருந்து பந்தை வாங்குவார். இரண்டு பேரை ஏமாற்றுவார். முன்னால் நிற்பவரின் காலில் கொண்டுபோய் வைப்பார்.

கோல் போடுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். அந்தக் கோலுக்கு வழி அமைக்கிறவர் பின்னால் நிற்பார். கோப்பா வழி அமைக்கிறவர்.

1956-ல் முதலாவது ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் பாரிசில் நடந்தது. ரெய்ம்சும் ஸ்பெயின் நாட்டு ரியல் மாட்ரிட்டும் மோதின. 4-3 என்ற கணக்கில் மாட்ரிட் வென்றது. தோற்ற அணியில் ஆடிய கோப்பாவை வென்ற அணியே வாங்கிக் கொண்டது! மாட்ரிட்டில் அவர் இருந்த மூன்று ஆண்டுகளிலும், 1957, 1958, 1959-ல், ஐரோப்பியக் கோப்பையை அந்த அணிதான் வென்றது.

1958-ல் சுவீடனில் உலகக் கோப்பைப் போட்டி. பிரான்சு மூன்றாவது இடம் பெற்றது. ஜுஸ்ட் போந்தேன் என்ற பிரெஞ்சு வீரர் அந்த ஒரே போட்டியில் 13 கோல்கள் போட்டார். இன்று வரை அந்தச் சாதனையை யாரும் முறியடிக்கவில்லை. அந்தக் கோல்களில் பலவற்றுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர் கோப்பா. அந்த ஆண்டுதான் அவருக்குத் தங்கப் பந்து கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பிரெஞ்சுக்காரர் அவரே.

கழுத்தில் கயிறு

இவ்வளவு புகழுக்கும் அடியில் ஒரு கயிறு இருந்தது.

அந்தக் காலத்தில் பிரான்சில் ஒருவர் தொழில் ஆட்டக்காரராகக் கையெழுத்துப் போட்டால், 35 வயது வரை அந்தக் கழகத்துக்குச் சொந்தம்! அவராக விலகி வேறு அணிக்குப் போக முடியாது. கழகம் விரும்பினால் அவரை விற்கலாம். விரும்பாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். சம்பளம் போதவில்லை என்றாலும், ஆட இடம் தராமல் உட்கார வைத்தாலும், அவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஆலைத் தொழிலாளிக்குக் கூலி போதவில்லை என்றால் அடுத்த ஆலைக்குப் போகலாம். ஆட்டக்காரருக்கு அந்த உரிமைகூட இல்லை. அவருடைய ஆட்ட வாழ்வோ பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான். 35 வயதில் கயிறு அவிழ்ந்து என்ன பயன்? அப்போது ஓடக் காலில் வலு இராது.

வாய் திறந்தார்

ஆட்டக்காரர்கள் 1961-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். கேமரூன் நாட்டில் பிறந்த ஆட்டக்காரரான யூஜின் ஞோ-லேயா, ஜுஸ்ட் போந்தேன் ஆகியோர் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். கோப்பாவும் அவர்களுடன் நின்றார்.

1963 கோப்பாவுக்குச் சோதனையான ஆண்டு. அவருடைய சின்ன மகன் புற்றுநோயால் இறந்தான். அந்தத் துயரத்தின் நடுவேதான் ஒரு பத்திரிகையில் அவர் உண்மையைப் போட்டு உடைத்தார். இருபதாம் நூற்றாண்டிலும், சம்மதம் கேட்காமலே வாங்கவும் விற்கவும் கூடிய மனிதன் கால்பந்து ஆட்டக்காரன்தான் என்றார்.

கால்பந்து உலகம் கொந்தளித்தது. அதிகாரிகள் அவருக்கு ஆறு மாதத் தடை விதித்தார்கள். ஆனால் தண்டனையை உடனே அமல் நடத்தவில்லை. "இனிமேல் ஜாக்கிரதை" என்ற எச்சரிக்கை அது.

ஒரு மனிதர் "எங்களுக்குச் சுதந்திரம் இல்லை" என்கிறார். உடனே அவர் வாயை அடைக்கப் பார்க்கிறார்கள். அவர் சொன்னது உண்மை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மறுபக்கம்

கழகங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஊர் பேர் தெரியாத பையனைக் கொண்டு வந்து, சோறு போட்டு, பயிற்சி கொடுத்து ஆளாக்குகிறார்கள். அவன் நாளைக்கே பணக்காரக் கழகத்துக்கு ஓடிவிட்டால் சின்னக் கழகம் என்ன செய்யும்?

கேள்வி சரிதான். ஆனால் செலவுக்கு ஈடு கேட்பது வேறு. ஆளையே கட்டிப்போடுவது வேறு. நாலைந்து ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போடலாம். பயிற்சிச் செலவுக்குத் தொகை கேட்கலாம். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடம், அவன் வாழ்நாள் முழுவதும் தனக்கே உழைக்க வேண்டும் என்று கேட்கலாமா?

"அடிமை" என்ற சொல் அதிகப்படி என்று சிலர் நினைக்கலாம். சவுக்கடி பட்ட உண்மையான அடிமைகளின் துன்பம் வேறுதான். சொல்லில் காரம் கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மெல்லச் சொன்னால் காதில் விழாது என்று தெரிந்தவர்தான் உரக்கச் சொல்வார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோப்பாவுக்கு மாட்ரிட் போன்ற பெரிய கழகத்தின் கதவு திறந்தது. பெயர் இல்லாத சாதாரண ஆட்டக்காரருக்கு எந்தக் கதவு திறக்கும்? உச்சியில் இருந்தவர் பேசியதால்தான், அடியில் இருந்தவரின் குறை ஊருக்குக் கேட்டது. கோப்பாவின் பெருமை அதில்தான் இருக்கிறது.

நட்டவர் ஒருவர்

பிரான்சில் 1969-ல் சட்டம் மாறியது. 35 வயது வரை கட்டிப்போடும் முறை போய், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடும் முறை வந்தது.

பிறகு 1995-ல் பெல்ஜிய வீரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஒப்பந்தம் முடிந்த பிறகு, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் வேறு நாட்டு அணிக்குப் போக, பழைய கழகம் பணம் கேட்கக் கூடாது என்பது தீர்ப்பு. இன்றைய ஆட்டக்காரர்கள் தாங்களே பேரம் பேசிக் கோடி கோடியாகச் சம்பாதிக்கிறார்கள்.

கோப்பாவுக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை! 1959-லேயே அவர் ரெய்ம்சுக்குத் திரும்பி இருந்தார். 1964-ல் அந்த அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. அப்போதும் அங்கேயே ஆடினார். 1966-ல் அணி மறுபடியும் மேலே ஏறியது. 1967-ல், 35 வயதில், அவர் ஓய்வு பெற்றார். சட்டம் மாறியது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து!

2017-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, தமது 85-வது வயதில், ஆஞ்சே நகரில் கோப்பா காலமானார். 2018 முதல் உலகின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கு அவர் பெயரில் பரிசு கொடுக்கிறார்கள். முதல் பரிசை வாங்கியவர் பிரான்சின் எம்பாப்பே.

தாத்தா நட்ட மாமரத்தில் பேரன் பழம் பறிக்கிறான். பறிக்கட்டும். மரத்தை நட்டவர் யார் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.