பருத்திப் பொதியில் அமெரிக்க சரித்திரம்

தூத்துக்குடி மில்லில் நூல் நூற்கும் தொழிலாளியும், கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி எடுக்கும் பெண்ணும் அமெரிக்க சரித்திரத்தை அறிந்துகொள்ள வேண்டும். அதில் பெரும்பகுதி பருத்தியின் சரித்திரம். நமது கூலியையும் தொட்ட சரித்திரம்.

1607-ல் லாபம் தேடிய ஆங்கிலக் கம்பெனி ஒன்று வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை அமைத்தது. (அன்று நமது முத்துக்குளித்துறையில் போர்ச்சுக்கீசியர் அதிகாரம் செலுத்திக்கொண்டிருந்தனர்!) 1619-ல் ஆப்பிரிக்க மக்கள் அங்கே விலைப்பொருளாக வந்திறங்கினர். 1776-ல் மனிதர் யாவரும் சமம் என்று பிரகடனம் எழுதிய ஜெபர்சனின் பண்ணையிலேயே அடிமைகள் உழைத்தனர். 1793-ல் விட்னி பருத்திக்கொட்டை நீக்கும் எந்திரம் செய்தார். உழைப்பாளியின் பாரம் குறைந்ததா? இல்லை! 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள், 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம் ஆயினர். பருத்திக்கு நிலம் வேண்டுமே! பூர்வகுடிகளை அப்புறப்படுத்த 1830-ல் சட்டம் வந்தது. விரட்டப்பட்ட செரோக்கி மக்களில் சுமார் 4,000 பேர் மாண்டனர்.

1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வட மாநிலக் கப்பல்கள் தென் துறைமுகங்களை அடைத்தன. லங்காஷயர் மில்கள் பஞ்சின்றி நின்றன. உடனே ஆங்கில முதலாளிகளின் பார்வை பம்பாய் மீதும், திருநெல்வேலிச் சீமை மீதும் விழுந்தது. தூத்துக்குடியில் ஆழமில்லாத கடல். தூரத்தில் நின்ற கப்பல்களுக்குத் தோணிகளே பொதிகளைச் சுமந்தன. விலை கிடுகிடுவென ஏறியது. 1865-ல் யுத்தம் முடிந்ததும் சரிந்தது.

அந்தப் பஞ்சக் காலத்தில் மான்செஸ்டர் தொழிலாளர் செய்ததை மறக்கலாகாது. அடைப்பை உடைத்துப் பஞ்சு கொண்டுவா என்று முதலாளிகள் பலர் கூச்சலிட்டனர். வேலையும் சோறும் இழந்த தொழிலாளர்களோ, 1862 டிசம்பர் 31-ல் கூட்டம் கூடி, அடிமை முறையை ஒழிக்கும்படி லிங்கனுக்குக் கடிதம் எழுதினர். லிங்கன் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார்.

1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. விடுதலை கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. பழைய எஜமானின் காட்டையே வாரத்துக்கு உழுது, விதைக்கும் சோளத்துக்கும் கடன்பட்டு, அறுவடையில் கணக்குப் பார்த்தால் மிச்சம் பூஜ்யம்! இந்தக் கணக்கை நமது குத்தகை விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. 1886-ல் சிக்காகோ தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினர். 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர், வ.உ.சி. தலைமையில், கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்து வென்றனர்.

பருத்தி இன்றும் கடல் கடக்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி விதித்தது. அதே மாதம் இந்திய அரசு இறக்குமதிப் பஞ்சு மீதிருந்த 11 சதவீத வரியை நீக்கி, அச்சலுகையை டிசம்பர் இறுதிவரை நீட்டித்தது. மில்லுக்கு மலிவான பஞ்சு வேண்டும் என்றார்கள். மில் கூலி உயர்ந்ததா? கரிசல் விவசாயிக்கு யார் விலை சொன்னார்கள்? இவ்விரு கேள்விகளையும் மில் வாசலிலும் களத்து மேட்டிலும் ஒன்றாகவே கேட்க வேண்டும்.