தாடிக்கும் சட்டமா?

நான் குடியிருக்கும் சைனிக்புரிக்குப் படைவீரர் ஊர் என்பது பொருள். அதனருகே உள்ளது செகந்திராபாத் படைமுகாம். தாடி மீசையைப் பற்றிய ஓர் ஆணை என்ன விளைக்கும் என்பதை இந்த வட்டாரம் 1806-லேயே கண்டறிந்தது.

அவ்வாண்டு சென்னைப் படைக்குப் புது விதிகள் வந்தன. சீருடையில் நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்கவேண்டும், மீசை ஒரே அளவில் இருக்கவேண்டும். தொப்பியைப் போன்ற புதுத் தலைப்பாகையும் வந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கலகம் வெடித்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கலகத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் பொறி பறந்தது இங்கிருந்துதான். அதே மாதம் ஐதராபாத் படையிலும் கொந்தளிப்பு மூண்டது. அங்கே தலைமை தாங்கிய மாண்ட்ரசர் ஆணையை நீக்கினார், கொந்தளிப்பு தணிந்தது.

ஆணையிட்டோர், "யாரையும் புண்படுத்த எண்ணவில்லை, படை ஒழுங்காகத் தோன்றவேண்டும் என்றே நினைத்தோம்" என்றனர். இருக்கட்டும்! எண்ணம் தூயதாயின் காயம் ஆறிவிடுமா? வெள்ளைச் சிப்பாய்க்கு வெறும் சவரம். நம்மவனுக்கோ சமயமும் மானமும்! எல்லார்க்கும் ஒரே விதி என்பது ஏட்டளவில் சமம். தோளில் ஏறும்போது அதன் பாரம் வேறு.

இது பழங்கதை அன்று. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலப் பீட்சாக் கடை ஒன்று, ஊழியர் எவரும் தாடி வைக்கக்கூடாது என்றது. சுருண்ட முடியை மழித்தால், அதன் கூர்முனை வளைந்து மீண்டும் தோலுக்குள் புகுந்து புண்ணாக்கும். கறுப்பின ஆடவர் பலருக்கு உள்ள துன்பம் இது, வெள்ளையரிடம் அரிது. விதியில் இனம் என்ற சொல்லே இல்லை. ஆனால் வேலை இழந்தவர் கறுப்பர். 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டப்படி நடந்த வழக்கில், தொழிலுக்கு இவ்விதி இன்றியமையாதது என்று நிறுவனம் மெய்ப்பிக்கவில்லை எனக் கண்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993-இல் அவ்விதியைத் தளர்த்தச் செய்தது.

அப்படியானால் விதியே வேண்டாமா? வேண்டும். ஆய்வுக்கூடத்தில் நெருப்பருகே நிற்பவர் கூந்தலை முடிகிறோம். நச்சுக் காற்றைத் தடுக்கும் முகமூடி தாடிமீது சரியாகப் படியாது. இவற்றுக்கு இயற்கையே காரணம் சொல்கிறது. ஆனால் "பார்வைக்கு நன்றாயிராது" என்பது காரணமாகுமா? யார் பார்வைக்கு?

நாளை நம்மில் பலர் வேலை கேட்டுச் செல்வோம்; சிலர் வேலை கொடுக்கும் நாற்காலியிலும் அமர்வோம். அன்று ஒவ்வொரு விதியையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்ப்போம்: பணிக்கு இது தேவையா? இதன் பாரம் யார்மீது விழுகிறது? பாரம் குறைந்த வேறு வழி உண்டா?

விடை சொல்ல முடியாத விதியை மாற்றுவதால் ஒழுங்கு கெடாது. அதை அன்றே மாற்றிய ஐதராபாத்தில் அமைதி திரும்பியது. பிடிவாதம் பிடித்த வேலூரில் குருதி சிந்தியது. எதைத் தேர்வது?